தொண்டையில் கண்ட வெள்ளை

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், பத்திரிகையின் கடைசிப் பக்கத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. வீட்டார் உறங்கிவிட்டனர். பல் துலக்கி முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். எதற்காகப் பார்த்தேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. தொண்டையின் இடப்பக்கத்தில், உள்நாக்கிற்குச் சற்று அப்பால் இருக்கும் சதைத் திரட்சியில், ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

அது அரிசிக் குருணல் அளவுதான். நோவில்லை, காய்ச்சலில்லை, விழுங்குவதில் சிரமமும் இல்லை. ஆனால் அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், தொண்டையில் காணப்படும் வெள்ளைப் புள்ளி ஒரு மனிதனுக்கு எத்தனை எண்ணங்களைக் கொண்டுவரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றவன் நான். விஞ்ஞானத்திற்கும் எனக்குமான உறவு க.பொ.த. சாதாரண தரத்தோடு முடிந்துவிட்டது. எனினும் தொண்டையில் தோன்றும் வெள்ளை பற்றி எங்கள் குடும்பம் கொடுத்த விலை பெரியது. எனவே இந்தப் பத்தியை எழுதும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டென்று நினைக்கிறேன். வைத்தியர்கள் பிழை கண்டால் பொறுத்துத் திருத்துவார்களாக.

என் கதைக்கு முன்னர் அக்காவின் கதையைச் சொல்லவேண்டும்.

1979ஆம் ஆண்டு. வடமராட்சியில் எங்கள் கிராமத்துக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. ஒரு மாலை அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுத்துவிட்டாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. எச்சில் விழுங்கவும் முடியவில்லை என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அம்மா குசினியிலிருந்து கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் காம்பால் அக்காவின் நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னைக் கைவிளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். அந்த மஞ்சள் ஒளியில் நானும் எட்டிப் பார்த்தேன். சிவந்து வீங்கிக் கிடந்த தொண்டையின் இரு பக்கங்களிலும் சோற்றுப் பருக்கைகளை ஒட்டவைத்தது போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

“சூட்டாலை பொங்கியிருக்கு” என்றார் அம்மா.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த குடிநீர் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் செய்தார். கடையில் வாங்கிய காய்ச்சல் குளிசையும் கொடுத்தார். அக்கறையில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் நோவும் போய்விட்டது. ஆறாம் நாள் அக்கா பள்ளிக்கூடம் போனாள். அம்மாவின் கைவைத்தியம் வென்றதாக எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாவது கிழமை அக்காவின் வலது முழங்கால் சிவந்து வீங்கியது. இரண்டு நாட்களில் அந்த வீக்கம் வற்ற, இடது கணுக்காலில் வீக்கம் தோன்றியது. பின்னர் மணிக்கட்டில். விழுந்திருப்பாள் என்றார் அப்பா. வாதம் என்றார் பரியாரியார். கிணற்றடிக்கு நடந்துபோய் வருவதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பின்னர்தான் வாடகைக் கார் பிடித்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட வைத்தியர், முழங்காலைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ முதலில் கேட்கவில்லை.

“இரண்டு மூன்று கிழமைக்கு முன்னம் பிள்ளைக்குத் தொண்டை நோ வந்ததோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அக்காவின் தொண்டையில் நாங்கள் கண்ட வெள்ளை, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் எனப்படும் பக்டீரியாவின் ஒரு பிரிவினால் உண்டான சீழ். அந்தக் கிருமியின் தொல்லை தொண்டையோடு முடிந்துவிடுவதில்லை. அதை எதிர்ப்பதற்காக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருட்கள், கிருமியின் மேற்பரப்பில் உள்ள புரதத்திற்கும் நமது இதயத்தின் இழையங்களுக்கும் உள்ள ஒற்றுமையால் ஏமாந்து, சில பிள்ளைகளில் தமது வீட்டையே தாக்கத் தொடங்குகின்றன. வாதக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் ஐந்து வயதிற்கும் பதினைந்து வயதிற்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது. மூட்டுகளை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவ உலகில் இதைப் பற்றிப் பழைய சொல் ஒன்று உண்டு. மூட்டு வீக்கம் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இதயத்தின் வால்வுகளில் விழுந்த வடு போகாது.

இதில் மனதை வருத்துவது என்னவென்றால், இதைத் தடுத்திருக்கலாம் என்பதுதான். தொண்டை நோ தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் மருந்து கொடுக்கத் தொடங்கினால் வாதக் காய்ச்சல் வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது 1928இல். 1979இல் அது எங்கள் கிராமத்திற்குப் பக்கத்து அரசாங்க மருந்தகத்திலும் இருந்தது. ஐந்து சதமும் வாங்காமல் கொடுத்திருப்பார்கள். ஆனால் நோ ஐந்தாம் நாள் தானாகவே போய்விட்டதே! அந்தக் கிருமியின் தந்திரமே அதுதான். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தொண்டை நோ சில நாட்களில் மாறிவிடும். மாறிவிட்ட நோவுக்கு யார் வைத்தியரிடம் போவார்கள்?

“நான் கண்டனான். கண்டும் எனக்குத் தெரியேல்லை” என்று அம்மா தன் இறுதிக்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குப் பிடித்த எனக்கும் அந்த வாக்கியத்தில் பங்கு உண்டு.

அதன் பிறகு அக்காவின் வாழ்க்கை மாத ஊசிகளால் அளக்கப்பட்டது. நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. அந்தக் கிருமி மீண்டும் தொண்டையில் குடியேறினால் வாதக் காய்ச்சலும் மீண்டும் வரும், வால்வு இன்னும் பழுதாகும் என்பதால் அதை வரவிடாமல் தடுக்கும் ஏற்பாடு அது. இடுப்பில் போடப்படும் அந்தத் தடித்த மருந்தின் நோவு இரண்டு நாட்களுக்கு இருக்கும். அப்பா துவிச்சக்கர வண்டியின் பாரில் அக்காவை இருத்தி, கிளினிக் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுவது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஊசிக்குப் பயந்து அழுத அக்காவை நான் கண்டதில்லை. வரும் வழியில் வண்டியில் இருக்க முடியாமல் அவள் இறங்கி நடந்து வருவதையே கண்டிருக்கிறேன்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மருந்துகள் வருவதும் வராமல் விடுவதும் கப்பலின் கையில் இருந்தது. அக்கா அப்போது ஆசிரியையாகப் பணி தொடங்கியிருந்தாள். ஊசி கிடைத்த மாதங்களும் கிடைக்காத மாதங்களும் அவளுடைய அட்டையில் மாறி மாறி இருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அக்கா கற்பித்த பள்ளிக்கூடம் அகதி முகாமாயிற்று. ஒரு வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பங்கள். நெரிசல்தான் இந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். ஒருவர் இருமியதும் தும்மியதும் அடுத்தவர் தொண்டைக்குப் போய்விடும். அந்த முகாமில் இரவு பகலாக நின்று வேலை செய்த அக்காவுக்கு அந்த மாதத்து ஊசி கிடைக்கவில்லை. காய்ச்சல் மீண்டும் வந்தது.

1998இல், கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது அக்காவால் நான்கு படிகளைச் சேர்ந்தாற்போல் ஏற முடியவில்லை. அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் நெஞ்சைப் பிளந்து, பழுதான வால்வை அகற்றி, உலோகத்தாலான செயற்கை வால்வைப் பொருத்தினார்கள். சத்திரசிகிச்சை முடிந்து என் வாடகை வீட்டில் அவள் தங்கியிருந்த நாட்களில், தெருவில் வாகன ஓட்டம் ஓய்ந்த பின்னர், அவளுடைய நெஞ்சிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்கும். முதல் இரவு நான் கடிகாரமென்று நினைத்துச் சுவரைப் பார்த்தேன். “அது நான்தான்” என்றாள் அக்கா இருட்டுக்குள்.

அவளுக்கு வந்த கலியாணப் பேச்சுகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதையும், இரத்தம் உறையாமலிருக்க அவள் இன்றுவரை நாள்தோறும் குளிசை போடுவதையும், அதன் அளவைப் பார்க்க ஒழுங்காக இரத்தப் பரிசோதனைக்குப் போவதையும் விரித்து எழுத அவள் விரும்பமாட்டாள். ஊருக்குத் திரும்பிப் போய் மீண்டும் படிப்பிக்கத் தொடங்கினாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த நான், என் தொண்டையில் வெள்ளையைக் கண்ட மறுநாள் காலையில் வைத்தியரிடம் ஓடியிருக்கவேண்டும். ஐந்து கிழமைகள் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்தேன்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் நாளிதழில் ஒப்புநோக்காளராகப் பணியாற்றிய முதியவர் ஒருவர் இருந்தார். ஒற்றுப்பிழை ஒன்றைக்கூடத் தப்பவிடாத கண் அவருக்கு. மேசையில் எப்போதும் வெற்றிலைத் தட்டம் இருக்கும். 2001ஆம் ஆண்டளவில் அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. சுண்ணாம்பு வெந்த புண் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தோம். அவர் வைத்தியரிடம் போனபோது அது வெகுதூரம் போய்விட்டிருந்தது. இலங்கையில் ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்கள் முன்னணியில் நிற்கின்றன என்பதைப் பின்னர் நானே பல தடவை செய்தியாக எழுதியிருக்கிறேன். நான் வெற்றிலை போடுவதில்லை. ஆனால் பல வருடங்கள் ஆசிரிய பீடத்தில் சிகரெட் புகைத்தவன். 2006இல்தான் விட்டேன்.

எனவே என் தொண்டையில் கண்டது எதுவென்று அந்த இரவே தீர்மானித்துவிட்டேன். அதன்பின் இரவு தோறும், வீட்டார் உறங்கியதும், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்ப்பேன். பின்னர் அதே தொலைபேசியில் இணையத்தில் தேடுவேன். இணையத்தில் தொண்டைப் படங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் என்னுடையதைப் போலவே இருந்தது.

முப்பது வருடங்களாக இளம் நிருபர்களுக்கு நான் சொல்லி வந்த பாடம் ஒன்று உண்டு. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி எழுதாதே, இன்னொருவரிடம் கேள், எங்கே, எப்போது, எப்படி என்று கேள். கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அச்சேற்றாதே. அந்தப் பாடத்தை என் தொண்டைக்கு நான் பிரயோகிக்கவில்லை. ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துக்கொண்டு என் மரண அறிவித்தலையே மனதிற்குள் அச்சேற்றிவிட்டேன்.

வழமையாக ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவேன். ஐந்தாவது கிழமை, நான் வாயைத் திறந்து ஏதோ சொல்வதற்குள்,

“தம்பி, உனக்கு என்னடா? முகம் செத்துப்போய்க் கிடக்கு” என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். அவள் விடவில்லை. சொன்னேன்.

“ஐஞ்சு கிழமையாச் சொல்லாமல் இருந்தனியோ? லைற்றுக்குக் கிட்டப் போ. வாயை ஆவெண்டு திற.”

தொலைபேசியை வாயருகே பிடித்தேன். அக்கா தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அதன்பின் கேட்கத் தொடங்கினாள்.

“காய்ச்சல் காய்ஞ்சதோ?”

“இல்லை.”

“இருமல், தடிமன்?”

“இல்லை.”

“தாடைக்குக் கீழை, கழுத்திலை நெறி கட்டியிருக்கோ? தொட்டுப் பார். நோகுதோ?”

“இல்லை.”

“விழுங்கேக்கை?”

“நோவில்லை. ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி, அவ்வளவுதான்.”

சற்று நேரம் பேசாமலிருந்தாள்.

“இது என்ரை வெள்ளை இல்லை” என்றாள். “ஆனால் என்னெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்கே போய்க் காட்டு.”

அக்காவின் அந்தக் கேள்விகளைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். 1981ஆம் ஆண்டு ரொபேர்ட் சென்டர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், தொண்டை நோவுடன் வந்த வளர்ந்தோரை ஆராய்ந்து நான்கு அடையாளங்களைத் தொகுத்தனர். காய்ச்சல் இருத்தல், இருமல் இல்லாதிருத்தல், கழுத்தின் முன்புறத்தில் நெறி கட்டி நோதல், டொன்சிலில் வெள்ளைச் சீழ் காணப்படுதல் ஆகியவையே அவை. உலகெங்கும் வைத்தியர்கள் இன்றும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளை என்பது நான்கில் ஒன்று மட்டுமே என்பதைக் கவனிக்கவேண்டும். நான்கும் இருந்தால்கூட ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது அந்தப் பொல்லாத பக்டீரியாவாக இருக்கும். உறுதிசெய்யத் தொண்டையில் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பரிசோதிக்கவேண்டும். அக்கா சென்டரின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. மாத ஊசிக்குப் போன கிளினிக்கில், தாதிமாரும் வைத்தியர்களும் மற்றப் பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்ட கேள்விகளைக் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டவை அவை.

மறுநாள் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். நான் ஐந்து கிழமைக் கதையையும் ஒப்புநோக்காளரின் கதையையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பின்னர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கையுறை அணிந்த விரலால் டொன்சிலையும் நாக்கின் அடியையும் தடவிப் பார்த்தார். கழுத்தை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். மெலிந்தீர்களா, காதுக்குள் குத்து வருகிறதா, எச்சிலில் இரத்தம் கண்டீர்களா, குரல் மாறியதா என்று வரிசையாகக் கேட்டார். பின்னர் மெல்லிய தட்டைக் கருவியொன்றால் டொன்சிலின் ஓரத்தை மெதுவாக அழுத்தினார். ஏதோ ஒன்று வெளியே விழுந்தது.

துணித்துண்டில் வைத்துக் காட்டினார். மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு சிறு மணி. துர்நாற்றம் என்றால் சாதாரண துர்நாற்றமல்ல.

“இதுதான் ஐயா. டொன்சில் கல்” என்றார்.

இந்தக் கல்லுக்காகவா நான் ஐந்து கிழமை உறங்காதிருந்தேன் என்று எண்ணியபோது சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

டொன்சில்கள் என்பவை தொண்டையின் வாயிலில், இரு பக்கமும் வாதுமைப் பருப்பைப் போல் இருக்கும் காவற் சதைகள். நம்மவர்கள் இவற்றையும் நடுவில் தொங்கும் உள்நாக்கையும் ஒன்றாகவே நினைத்து ‘உள்நாக்கு வளர்ந்துவிட்டது’ என்று சொல்வதுண்டு. இரண்டும் வேறு. டொன்சிலின் மேற்பரப்பு வழுவழுப்பானதல்ல. உள்ளே கிளைத்துச் செல்லும் குழிகள் பல அதில் உண்டு. உணவோடும் மூச்சோடும் வரும் கிருமிகளை இனங்கண்டு உடம்புக்கு அறிவிப்பதற்கான ஏற்பாடு அது. உணவுத் துணிக்கைகளும் உதிர்ந்த கலங்களும் பக்டீரியாக்களும் அந்தக் குழிகளில் தேங்கி, காலப்போக்கில் கல்சியம் படிந்து இறுகுவதே டொன்சில் கல். ஆபத்தில்லாதது. பல வேளைகளில் தானாகவே வெளியே வந்துவிடும். சாப்பிட்டபின் நன்றாகக் கொப்பளித்து, பல்லோடு நாக்கையும் துப்புரவாக வைத்திருந்தால் போதும் என்றார் வைத்தியர். ஊசியாலோ ஈர்க்காலோ தோண்டக்கூடாது; டொன்சில் இரத்த ஓட்டம் மிகுந்த இடம் என்றும் எச்சரித்தார்.

வெளியே வருவதற்கு முன்னர், வெள்ளையாகத் தெரிபவை வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று ஒரு பத்திரிகைக்காரனாகக் கேட்டேன். அவர் சொன்னதையும் பின்னர் படித்தறிந்ததையும் வாசக அன்பர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

வெள்ளைச் சீழுடன் வரும் தொண்டை நோவுகளில் பலவற்றுக்கு வைரசுகளே காரணம். அவற்றிற்குப் பெனிசிலின் பயன்படாது. இளவயதினருக்குக் கிழமைக்கணக்கில் களைப்பையும், கழுத்து நிறைய நெறிக்கட்டையும் தரும் காய்ச்சல் ஒன்று உண்டு. 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரசு அதற்குக் காரணம். அதிலும் டொன்சில் வெள்ளைப் போர்வை போர்த்தியது போலிருக்கும். அதைப் பக்டீரியா என்று எண்ணி, வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலினைக் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடிப்புப் போடக்கூடும். ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுவோர் சிலருக்குப் பூஞ்சணத்தால் வெள்ளைப் படிவு வரும். உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தால் அதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தொண்டை அடைப்பான் என்று நம் பாட்டிமார் நடுங்கிய நோயில் சாம்பல் நிறத் தோல் படர்ந்து மூச்சையே அடைக்கும். 1978இல் நாட்டில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியபின் அந்தப் பெயரே நமக்கு மறந்துபோய்விட்டது. தடுப்பூசி மறந்த இடங்களுக்கு அது திரும்பி வரும்.

பயப்படவேண்டிய வெள்ளையும் உண்டு. துடைத்தாலும் போகாத திட்டு, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், ஒரு பக்க டொன்சில் மட்டும் பெருத்திருத்தல், கழுத்தில் நோவில்லாத கட்டி, காரணமில்லாத காதுக் குத்து, இரத்தக் கசிவு, மெலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. அதிலும் வெற்றிலை, பாக்கு, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் பிந்தக்கூடாது. வாயைத் திறக்க முடியாமலும், எச்சிலை விழுங்க முடியாமலும், மூச்சு இழுத்துக்கொண்டும் வந்தால் அது அன்றே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நிலை.

பிள்ளைகளைப் பொறுத்தவரை அக்காவின் சட்டமே என் சட்டமும். காய்ச்சலோடு தொண்டை நோ, இருமல் இல்லை, நெறி கட்டியிருக்கிறது என்றால் வைத்தியரிடம் காட்டவேண்டும். அவர் பெனிசிலினைப் பத்து நாட்களுக்குத் தந்தால், மூன்றாம் நாள் சுகமானாலும், பத்து நாட்களும் கொடுத்து முடிக்கவேண்டும். உலகில் இன்றும் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் வாதக் காய்ச்சலால் பழுதான இதயத்தோடு வாழ்கிறார்கள். பெரும்பாலும் ஏழை நாடுகளில், நெரிசலான வீடுகளில். 2018இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கெனத் தனித் தீர்மானம் ஒன்றையே நிறைவேற்றியது. எத்தனை பேருடைய நோய், அக்காவினது போல, யாரோ பார்த்தும் அறியாமல் விட்ட தொண்டையில் தொடங்கியதோ!

அக்காவின் வகுப்பறை மேசை லாச்சிக்குள் ஒரு கரண்டியும் சிறு டோர்ச்சும் எப்போதும் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தொண்டை நோ என்று சொல்லும் எந்தப் பிள்ளையையும் யன்னலோரம் கொண்டுபோய் வாயைத் திறக்கச் செய்து பார்த்துவிடுவாள். பின்னர் கேள்விகள். தேவையென்று பட்டால் தாய்க்குக் கடிதம். கடிதத்துக்குப் பலன் இல்லாவிட்டால் பின்னேரம் தானே வீடு தேடிப் போவாள். ‘டீச்சருக்கு விசர்’ என்று சொன்ன தாய்மாரும் உண்டு. பிள்ளையோடு வந்து கைபிடித்துக் கண்கலங்கிய தாய்மாரும் உண்டு. அம்மா உயிரோடிருந்த காலத்தில் அந்தக் கரண்டியை ஒரு நாள் கண்டுவிட்டார். எங்கள் குசினிக் கரண்டிதான் அது. ஒன்றும் பேசாமல் கழுவித் துடைத்து மீண்டும் லாச்சிக்குள்ளேயே வைத்துவிட்டாராம்.

வைத்தியரிடமிருந்து வெளியே வந்ததும் முதலில் அக்காவைத்தான் அழைத்தேன். மனைவிக்குக்கூடப் பின்னர்தான் சொன்னேன். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

“கல்லாம் அக்கா. டொன்சில் கல். ஒண்டுமில்லை” என்றேன்.

மறுமுனையில் நெடிய பெருமூச்சு. அதன் பின்னால் அந்த ‘டிக், டிக்’ கேட்டதா, அல்லது நான் கேட்பதாக நினைத்தேனா தெரியாது. பின்னர் சிரித்தாள்.

“கல்லோ? இவ்வளவு நாளும் ஒரு கல்லுக்கோ உயிரை விட்டனி?” என்றவள், உடனே குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்:

“தம்பி, மற்றப் பக்கமும் பாத்தவையோ?”